போதகரம்மா கையால்

பேராசிரியரின் சவப்பெட்டியை இறையியல் கல்லூரி மாணவிகள் ஆறு பேர் தோளில் ஏற்றினார்கள். ஒருத்தி குட்டை. பெட்டி அவள் பக்கம் சாய்ந்ததும் பேராசிரியரின் கணவர் பதறிப்போய்க் கை நீட்டினார்.

"விடுங்க சார், நாங்க பாத்துக்கறோம்."

விட்டார். மனைவி எழுதியதை எல்லாம் தட்டச்சு செய்த கைகள் அவை. ஒருமுறை 'அறவியல்' என்பதைக் கட்டுரை முழுக்க 'அரவியல்' என்று அடித்துவிட்டார். "நான் ஒழுக்கத்தைப் பத்தி எழுதினா, நீங்க பாம்பைப் பத்தின்னு ஆக்கிட்டீங்களே!" என்று வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒரு வாரம் அவருக்குப் 'பாம்பாட்டி' என்றுதான் பேர்.

ஆலய வாசலில் அவளுடைய அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

ஒன்பது வருடங்களுக்கு முன், அவளிடம் படித்த பெண் ஒருத்தி இந்த லுத்தரன் சபையில் குருப்பட்டம் பெற்றாள். முதல் திருவிருந்தில் எல்லாரும் உள்ளங்கை மேல் உள்ளங்கை வைத்து அவளிடம் அப்பம் வாங்கினார்கள். அண்ணன் மட்டும், பெண் கையால் வாங்கமாட்டேன் என்று எழுந்து போனார். யாரும் விலக்கப்படாத, யாரும் விலகிப் போகாத பந்தியைப் பற்றித் தங்கை ஒரு கட்டுரை எழுதினாள். பேரைக் குறிப்பிடவில்லை, ஆனால் சபை முழுக்கத் தெரிந்துபோயிற்று. அதோடு பேச்சு நின்றது.

ஞாயிறுதோறும் அவள் போன் செய்வாள். அவர் எடுக்கமாட்டார். போன வாரம்கூட, படுக்கையில் இருந்தபடி கணவரை போன் செய்யச் சொல்லி, மூச்சு வாங்க, "இன்னிக்கும் எடுக்கலியா?" என்று கேட்டாள்.

"பஸ்ல இருப்பாரு. சத்தத்துல கேட்டிருக்காது" என்றார் கணவர். அவள் நம்பியதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போது அந்த மனிதர் எதிரே நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"மாப்ளே, நான் இங்கயே நின்னுக்கறேன்."

கணவருக்கு ஒரு கடுஞ்சொல் நாக்கு நுனி வரை வந்தது. சமாதானம் என்ற சொல்லை ஆயிரம் தடவை அடித்திருப்பார். பழகியது விரல்களுக்கு மட்டும்தான்.

"உள்ள வாங்க மச்சான்" என்றார் கடைசியில். "இந்த வெயில்ல நீங்களும் விழுந்தா, இன்னொரு பெட்டிக்கு நான் எங்க போவேன்?"

அண்ணன் கேட்டார்: "கடைசில என்னைக் கேட்டாளா?"

"கேட்டா."

கணவர் அவரை உள்ளே கூட்டிப்போனார். முன் பெஞ்சில் தான் நகர்ந்து இடம் விட்டார்.

ஆராதனையை நடத்தியது, அன்று அண்ணன் அப்பம் வாங்க மறுத்த அதே மாணவிதான். இப்போது இந்தச் சபையின் போதகர். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. நிறுத்தி, தண்ணீர் குடித்து, தொடர்ந்தாள். அண்ணன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

கல்லறையில் ஜெபம் முடிந்ததும், போதகரம்மா மண்ணை அள்ளி, முதலில் கணவருக்குக் கொடுத்தாள். பிறகு அண்ணன் முன் வந்து நின்றாள். கையில் இன்னொரு பிடி மண்.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து நீட்டினார். அவள் மண்ணை வைத்தாள்.

அதைப் போடாமல் அவர் அப்படியே நின்றார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். குழியோரம் சரிவாக இருந்ததால், கணவர் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.