மூன்றாவது தடவை

தம்பிக்கு இது மூன்றாவது தடவை. மூன்றுமே ஆளில்லாத வீட்டில் பூட்டை உடைத்த கேஸ். முதலில் எட்டு மாதம், அடுத்து இரண்டு வருடம். இந்த முறை பத்து வருடம் வரை போகலாம் என்று வக்கீலம்மா சொன்னதிலிருந்து அக்காவுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

"என் சலவைக் கடையில வேலை தரேன், வீட்டுல வச்சுப் பாத்துக்கறேன்னு சொன்னா போதும்மா. மத்ததை நான் பாத்துக்கறேன்," என்று கோர்ட் வராந்தாவில் வக்கீலம்மா மறுபடி சொல்லிக்கொடுத்தார். காலையிலிருந்து அக்கா அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

கூண்டில் நின்ற தம்பி இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும், "இஸ்திரிப் பெட்டிய அணைச்சிட்டு வந்தியா?" என்று உதட்டசைவிலேயே கேட்டான். கழுத்துக்குக் கத்தி வந்தாலும் கிண்டலை விடமாட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே அணைத்தோமா என்று காலையில் கடையைப் பூட்டியதை நினைத்துப் பார்த்தாள்.

நீதிபதி அக்காவிடம் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். "போன தடவையும் இதே உறுதிமொழியில கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அவர் வெளிய வந்து நாலே மாசத்துல மறுபடி திருட்டு. இப்ப மட்டும் நான் ஏன் நம்பணும்?"

மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது.

"ரெண்டாவது வாரமே கடைக்கு வர்றத நிறுத்திட்டான்யா. பழைய போதை மாத்திரைப் பழக்கம் திரும்பிடுச்சு. கண்காணிப்பு அதிகாரி போன் பண்ணப்பல்லாம், ஒழுங்கா வேலைக்கு வர்றான்னு பொய் சொன்னேன். திரும்ப உள்ள போட்டுடுவாங்கன்னு பயம்."

வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்ப என்ன சொல்றீங்க?" என்றார் நீதிபதி.

"வீட்டுல இடம் இருக்குய்யா. அவன் திருந்துவான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா இனிமே மறைக்கமாட்டேன். ஒரு நாள் வரலைன்னாலும் நானே போன் பண்ணிச் சொல்லிடுவேன்."

நீதிபதி வெகுநேரம் எழுதினார். ஆறு வருடம். சிறையிலேயே போதைச் சிகிச்சை. நாலு வருடம் ஒழுங்காக இருந்தால், மீதிக் காலத்தை அக்கா வீட்டில் கண்காணிப்பில் கழிப்பது பற்றி யோசிக்கலாம்.

"அஞ்சு எதிர்பார்த்தேன். எட்டும் ஆகியிருக்கலாம்," என்றார் வக்கீலம்மா. "உங்க பேச்சு உதவுச்சா கெடுத்துச்சான்னு எனக்கே புரியலம்மா."

போலீஸ்காரர் தம்பியை அழைத்துப் போகும்போது அவன் வாசலில் நின்றான். "எனக்காகப் பொய் சொன்னியா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா உனக்கு இன்னும் குளிர்விட்டுப் போயிருக்கும்டா."

"பாக்க வருவியாக்கா?"

வருவேன் என்று தலையை ஆட்டினாள். அவனை வண்டியில் ஏற்றியதும் போலீஸ்காரரிடம் ஓடி, பார்க்க வருவதற்கு என்னென்ன காகிதம் வேண்டுமென்று கேட்டாள்.