தாள் ஒட்டாத கதவு

சீனப் புத்தாண்டுக்கு எங்கள் ஊரில் சிவப்புத் தாள் ஒட்டாத கதவு அபூர்வம். நிலையின் இரு பக்கமும் ஒவ்வொன்று, மேலே குறுக்காக ஒன்று. செல்வமும் நலமும் கேட்கும் வரிகள். விசுவாசிகள் வீட்டில் அதே சிவப்புத் தாளில் வேதவசனமும் ஒரு சிலுவையும் இருக்கும். சாவு விழுந்த வீடு மட்டும் மூன்று ஆண்டு வெறும் கதவோடு இருக்கும்.

மியாவ் சியூலன் இந்த முறை சிலுவைத் தாளை ஒட்டவில்லை. அடுத்த தெருவில் ரகசியமாக ஜெபக்கூட்டம் நடந்த வீட்டைப் போலீசார் கதவிலிருந்த சிலுவையை வைத்தே கண்டுபிடித்திருந்தார்கள். செல்வ தேவன் படம் போட்ட தாளை ஒட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. கதவைச் சும்மா விட்டாள். ஒன்றுமே இல்லாத கதவு யார் கண்ணில் படப்போகிறது என்று நினைத்தாள். அவளோடு ஜெபத்துக்குக் கூடும் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

புத்தாண்டின் இரண்டாம் நாள் அவள் வீட்டில் கூட்டம். அன்று கட்டிக்கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருவார்கள். எல்லா மாடிப்படியிலும் பால் பெட்டியும் வால்நட் பெட்டியுமாக ஆட்கள் ஏறுவார்கள். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நாங்களும் ஏறலாம். வெளியூரிலிருந்து லூ ஆசிரியர் பிரசங்கம் செய்ய வருவதாக இருந்தது. பிரசங்கம் செய்ததற்காக ஏற்கெனவே ஒருமுறை சிறையில் இருந்துவிட்டு வந்தவர். இன்னொரு முறை பிடித்தால் எளிதில் விடமாட்டார்கள். அதனால் பயணத்தில் போன் எடுத்து வரமாட்டார். வீட்டு எண்ணையும் கேட்டுக்கொள்ள மாட்டார். தெரியாததை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாதல்லவா. ஒரு சகோதரி நேரில் போய் வழி சொல்லிவிட்டு வந்தாள்: கட்டடத்தின் மூன்றாம் படிக்கட்டு வாசல், ஏறிக்கொண்டே வாருங்கள், தாள் ஒட்டாத கதவு.

புத்தாண்டுக்கு முந்தின நாள் மத்தியானம் குடியிருப்புக் கமிட்டியின் ஃபூ வந்தாள். அந்தக் கட்டடத்தில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்து மேலே தகவல் சொல்வது அவள் வேலை. அக்குளில் தாள் சுருள்கள்.

"என்னக்கா, யாரு செத்தா?"

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?" என்றாள் சியூலன்.

"பின்ன? இந்த வாசல்ல நாலாம் மாடி நிங் வீடும் உங்க வீடும்தான் மொட்டையா நிக்குது. அவங்க அப்பா போயிட்டாரு. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"கடைக்குப் போக நேரமில்ல."

"அதுக்குத்தானே நான் இருக்கேன். கமிட்டி கொடுக்குது, இலவசம்."

சியூலனின் கணவர் சூய் தஹாய் உள்ளேயிருந்து வந்தார். அவர் விசுவாசி அல்ல. எங்களுக்கு டீ போட்டுக் கொடுப்பார், கிண்டலும் அடிப்பார். "கொடும்மா. ஓசியில வர்றத விடுவேனா? செல்வ தேவனே படியேறி வந்திருக்காரு, இவ வாசல்லயே நிக்கவெச்சுப் பேசுறா."

கோதுமை மாவில் பசை காய்ச்சி அவரே ஒட்டினார். ஃபூ போனை எடுத்தாள். "அக்கா, கதவுகிட்ட நில்லுங்க. கொஞ்சம் சிரிங்க. ஆமா, நாளன்னைக்கு விருந்தாளி உண்டா?"

"பொண்ணும் மாப்பிள்ளையும்தான்."

"நல்லது. நானும் அன்னைக்கு இங்கதான் இருப்பேன். நிங் வீட்ல துக்கம் கேக்கணும்."

அவள் போனதும் சியூலன் தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள்.

"விடு," என்றார் தஹாய். "போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கா. கிழிச்சா வம்பு. ஒரு தாளுக்கெல்லாம் உன் சாமி கோவிச்சுக்குமா?"

இரண்டாம் நாள் நான் பால் பெட்டியோடு ஏறியபோது, அந்தக் கதவைப் பார்த்ததும் வீடு மாறிவிட்டேனோ என்று நின்றேன். உள்ளே எல்லோரும் வந்திருந்தார்கள். சியூலன் நடந்ததைத் தலை குனிந்தபடி சொன்னாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. பிறகுதான் வழி சொல்லப் போயிருந்த சகோதரியின் முகம் வெளுத்தது.

"லூ ஆசிரியருக்கு இது தெரியாதே."

சியூலன் அப்போதே எழுந்து ஓடினாள். நானும் பின்னால் போனேன். ஐந்தாம் மாடியிலிருந்து பாதிப் படி இறங்குவதற்குள் கீழே கதவு தட்டும் சத்தம் கேட்டது. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி இடுக்கில் எட்டிப் பார்த்தோம். நான்காம் மாடியில், வெறும் கதவின் முன்னால், கையில் பால் பெட்டியோடு லூ ஆசிரியர். கதவு திறந்தது.

"சமாதானம்!" என்று எங்கள் முறைப்படி வாழ்த்தினார் அவர், சிரித்த முகமாக.

நிங் வீட்டு மகன் கையில் கறுப்புத் துக்கப் பட்டை கட்டி நின்றான். "அப்பாகூட வேலை பார்த்தவரா? வாங்க ஐயா." பால் பெட்டியை வாங்கிக்கொண்டு, வழக்கப்படி மூன்று ஊதுபத்தியை அவர் கையில் கொடுத்தான். உள்ளே மேசைமேல் கிழவரின் படம் தெரிந்தது. படத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஃபூ.

பத்தியை ஏற்றி, படத்துக்கு மூன்று முறை குனிந்துவிட்டுக் கீழே இறங்கிப் போயிருக்கலாம். அவரை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ஃபூவே எழுந்து வந்து லைட்டரை நீட்டினாள். தீ எரிந்துகொண்டிருந்தது. அவர் பத்தியை அதன் அருகே கொண்டுபோகவில்லை.

"மன்னிக்கணும் தம்பி," என்றார் மகனிடம். "உங்க துக்கம் புரியுது. ஆனா இது என்னால முடியாது."

பத்திகளை மேசையோரத்தில் மெதுவாக வைத்தார்.

ஃபூ லைட்டரை அணைத்தாள். கோபமே இல்லாத குரலில் கேட்டாள்: "அப்ப யாரைப் பாக்க வந்தீங்க பெரியவரே?"

அவள் வெளியே வந்து மேலே பார்த்தாள். எங்களைப் பார்த்துவிட்டாள்.

"சியூலன் அக்கா, தெரிஞ்சவரா?"

எங்கள் முதுகுக்குப் பின்னால் தஹாய் வந்து நின்றிருந்தார். "தெரியாதுன்னு சொல்லு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "சொல்லிட்டு உள்ள வந்துடு." லூ ஆசிரியர் மேலே பார்க்கவே இல்லை. அவள் எதைச் சொன்னாலும் அது அவள் விருப்பம் என்பதுபோல, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சியூலன் ஒரு படி கீழே இறங்கினாள்.

"தெரியும்," என்றாள். "எங்க வீட்டுக்குத்தான் வந்தாரு. ஐயா, மேல வாங்க. சாப்பாடு ஆறுது."

"பொண்ணும் மாப்பிள்ளையும்தான்னு சொன்னீங்களே," என்றாள் ஃபூ. "பரவால்ல, நல்ல நாள். நானும் வந்து ஒரு வாய் சாப்பிடறேன்."

அவள்தான் முதலில் ஏறினாள். ஏறும்போதே ஒரு கையால் போனில் ஏதோ தட்டினாள். கீழே நடப்பது தெரியாமல் எங்கள் பின்னால் வீட்டுக்குள் துதிப்பாட்டை ஆரம்பித்திருந்தார்கள். தாழ்ந்த குரலில்தான் பாடினார்கள், ஆனால் படிக்கட்டு முழுவதும் கேட்டது. அவர்களிடம் போய் நிறுத்தச் சொல்ல எனக்கு நேரமில்லை. தஹாய் சுவரோடு ஒட்டி நின்று ஃபூவுக்கு வழி விட்டார்.