பிழை பொறுக்கச் சென்றவர்

தென்கிழக்கே சவ்வாது மலையின் முகடுகள்மீது பொன்னை உருக்கி வார்த்தாற்போல் இளங்கதிர் பரவ, நீரை இழந்து மணலையே உடுத்துக் கிடந்த பாலாறு அவ்வொளியில் ஒரு கணம் பழைய பெருக்கெடுத்து ஓடுவதுபோல் மயக்கம் காட்ட, பெருஞ்சாலையில் விரையும் சரக்குந்துகளின் இரைச்சலும், பெங்களூர் நோக்கி ஓடும் தொடர்வண்டியின் நெடுங்கூவலும், பள்ளிவாசலின் தொழுகை அழைப்பு அடங்கியபின் எழுந்த தேவாலய மணியின் ஓசையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து படிய, ஆம்பூர் நகரம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மெல்லக் கண்விழித்துக்கொண்டிருந்தது. தோல் பதனிடும் சாலைகளிலிருந்து வரும் காற்றைப் புதியவர் ஒருவர் நுகர்ந்தால் முகம் சுளிப்பார். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்க்கோ அது தம் வீட்டு அடுப்புப் புகைபோல் பழகிப்போன மணம். கிறித்தவரின் தவக்காலமும் இசுலாமியரின் நோன்புத் திங்களும் அவ்வாண்டு ஒன்றாகவே வந்திருந்தமையால், அடுத்தடுத்த தெருக்களில் இருவேறு மக்கள் ஒரே பசியைத் தாங்கி ஒரே இறைவனை இருவேறு மொழிகளில் அழைத்துக்கொண்டிருந்தனர்.

அன்பு கெழுமிய படிப்பவரே, அந்தக் காலைத் திருப்பலியில், வலப்புற வரிசையின் தூணருகே, வெண்ணிற வேட்டியும் நரைத்த மீசையுமாய் நின்ற முதியவரே நம் கதைக்குரியவர். ஆரோக்கியசாமி என்பது அவர் பெயர். தோல்சாலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பணியில் வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்ந்தவர். மனைவியை இழந்தபின் மகன் வீட்டில் வாழ்பவர். அத்தேவாலயத்தின் பங்கு மக்கள் அவரை நல்ல மனிதர் என்றே அறிந்திருந்தனர். வறியோர்க்கு உதவுவதிலும் நோயாளிகளைச் சென்று காண்பதிலும் அவரை விஞ்சுவோர் அப்பங்கில் இல்லை. ஆயினும் அவர் நெஞ்சில் ஒரு முள் இருந்தது. பிறர் செய்த பிழையைப் பொறுத்துவிட்டதாகவும், அதனால் தம் பிழையையும் பொறுத்தருள வேண்டுமென்றும் விண்ணகத் தந்தையை எல்லாரும் ஒரே குரலில் இறைஞ்சும் இடம் வரும்போதெல்லாம், அவர் உதடுகள் மட்டும் அசையும், குரல் எழாது. சர்தார் பாஷாவின் முகம் அப்போது அவர் கண்முன் வந்து நிற்கும்.

பாஷாவும் அவரும் இளமையில் ஒருயிராய் இருந்தவர்கள். ஒருவர் மிதிக்க மற்றவர் பின்னால் அமர, ஒரே மிதிவண்டியில் தோல்சாலைக்குச் சென்றவர்கள். நண்பகலில் ஒரே தூக்கிலிருந்து பகிர்ந்துண்டவர்கள். நோன்புத் திங்களில் பாஷா கொண்டுவரும் கஞ்சியின் நறுமணத்தை ஆரோக்கியசாமியின் வீடு வழிபார்த்திருக்கும். கிறித்துப் பிறப்புவிழாவின் காலையில் முதல் விருந்தினராய்ப் பாஷாவே வந்து நிற்பார். கார்காலத்தில் பாலாற்றில் வெள்ளம் வந்தால் பணி முடிந்த கையோடு இருவரும் கரைக்கு ஓடுவர். செந்நிற நீர் சுழன்று செல்வதைப் பார்த்தபடி, ஒன்றும் பேசாமல், பொழுது சாயும்வரை அமர்ந்திருப்பர். அந்தப் பேசாமையின் இனிமையைப் பின்னாளில் எத்தனையோ பேச்சுகளிடையே ஆரோக்கியசாமி தேடியதுண்டு. எங்கும் அது கிடைத்ததில்லை.

அந்நட்பு முறிந்த விதம் இது. ஆரோக்கியசாமியின் தம்பி சூசைராஜ், பாஷாவின் மேற்பார்வையில் தோலின் சதையை நீக்கும் இயந்திரத்தில் பணியாற்றினான். ஒருநாள் அவ்வியந்திரம் அவன் வலக்கையைச் சிதைத்தது. நடந்தது யாதென முதலாளி வினவியபோது, சூசைராஜ் அன்று குடித்திருந்தான் என்று பாஷா கூறினார். தம்பி வேலையை இழந்தான். நாணமும் வெறுப்பும் துரத்த ஊரைவிட்டுப் போனான். பெங்களூரில் எங்கோ ஒரு மூலையில் சில ஆண்டுகளில் இறந்தும் போனான். அவன் ஊரைவிட்டுப் போன நாளின் மாலையிலேயே ஆரோக்கியசாமி பாஷாவின் வீட்டு வாயிலில் நின்று, சினத்தில் ஏதோ இரண்டு சொல் சொல்லிவிட்டுத் திரும்பினார். அதன்பின் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கவில்லை. அந்த இரண்டு சொல் எவை என்பதைக் காலப்போக்கில் அவர் மனம் தேய்த்துத் தேய்த்து உருவற்றதாக்கிவிட்டது. பாஷா சொன்ன சொல்லையோ நாள்தோறும் புதிதாய்த் தீட்டிக் கூராக்கி வைத்திருந்தது.

சில நாள்களுக்கு முன், பழைய தோல்சாலைத் தோழரான சமீருல்லாவைக் கடைத்தெருவில் அவர் கண்டார். பாஷா இப்போது வாணியம்பாடியில், கல்லூரியில் பாடம் நடத்தும் மகளோடு இருப்பதாகவும், உடல்நலம் குன்றி வெளியே வருவதில்லை என்றும் அவர் தெரிவித்தார். அச்செய்தி ஆரோக்கியசாமியின் உறக்கத்தைப் பறித்தது. காலம் குறுகிவிட்டது, இனியும் தாழ்த்தலாகாது, இத்தவக்காலத்தில் பகைவனை மன்னித்துவிடுவதே தக்கது என்று அவர் துணிந்தார். அன்று திருப்பலி முடிந்ததும், ஒருவரிடமும் சொல்லாமல் வாணியம்பாடிப் பேருந்தில் ஏறி அமர்ந்தார்.

வழிநெடுக அவர் தம் சொற்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே சென்றார். 'நீ செய்ததை நான் பொறுத்துவிட்டேன். ஆண்டவர் பெயரால் உன்னை மன்னித்துவிட்டேன்' என்று கூறும்போது பாஷாவின் கண்கள் எவ்வாறு கலங்கும், அவர் தோளைத் தாம் எவ்வாறு தழுவிக்கொள்வது என்றெல்லாம் அவர் உள்ளம் ஓவியம் தீட்டியது. அந்த ஓவியத்தில் தாம் சற்றே உயரமாய் நிற்பதையும், நண்பர் சற்றே குனிந்து நிற்பதையும் அவர் உணரவில்லை. காலையுணவு கொள்ளாத வயிறு வெறுமையாய் இருக்க, நெஞ்சம் மட்டும் நிறைந்து ததும்பிக்கொண்டிருந்தது. சாலையோரத்துத் தென்னந்தோப்புகளும், மூடிக் கிடந்த பழைய பதனிடு சாலைகளின் செங்கற் சுவர்களும், தொலைவில் நீலம் பூத்து நின்ற ஏலகிரியும் இளமைக்காலத்தை நோக்கியே தம்மை அழைத்துச் செல்வதுபோல் அவருக்குத் தோன்றியது.

கதவைத் திறந்தவர் பாஷாவின் மகள் உமைமா. நடுத்தர அகவையைக் கடந்துகொண்டிருந்த அவர், வந்தவரை ஒரு நொடியில் அறிந்துகொண்டார். முகத்தில் வியப்போ மகிழ்வோ தோன்றவில்லை. சிறுமியாய் இருந்தபோது சிறிய தந்தை முறையில் அழைத்த அதே சொல்லால், "உள்ள வாங்க சாச்சா" என்றார். பழக்கத்தால் வந்த அச்சொல்லில் பழைய குழைவு இல்லை.

சன்னலருகே நாற்காலியில் பாஷா அமர்ந்திருந்தார். எலும்பும் தோலுமாய் இளைத்திருந்தாலும் அந்த அகன்ற நெற்றி மாறவில்லை. ஆரோக்கியசாமி கைகளைக் கூப்பியபடி நின்று, தாம் ஒழுங்குபடுத்தி வைத்த சொற்களின் முதற்சொல்லை எடுக்குமுன், முதியவர் நிமிர்ந்து பார்த்தார். மழை முகில் விலகியதுபோல் அம்முகம் மலர்ந்தது.

"இன்னாடா இவ்ளோ நேரம்?" என்றார் பாஷா. "ஆத்துல தண்ணி வந்துட்டுதாம். வா, போலாம்."

ஆரோக்கியசாமிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பாஷா எழ முயன்றார். மகள் மெல்ல அமர்த்தினார். சில ஆண்டுகளாகவே தந்தையாரின் நினைவு தேய்ந்துவருவதாகவும், அண்மைக்காலத்து மாந்தர் எல்லாரையும் மறந்துவிட்டதாகவும், சில நாள்களில் தம்மையே யாரெனக் கேட்பதாகவும் உமைமா தாழ்ந்த குரலில் விளக்கினார். எஞ்சியிருப்பவை இளமைக்கால நினைவுகள் மட்டுமே. அவற்றில் சூசைராஜின் சிதைந்த கை இல்லை, முதலாளியின் வினா இல்லை, பகை இல்லை. ஒரு மிதிவண்டியும் ஓர் ஆறும் ஒரு நண்பனும் மட்டுமே இருந்தனர்.

விருந்துக்கெனச் சுமந்து வந்த பொருளை எந்த வீட்டில் இறக்குவதெனத் தெரியாது தெருவில் திகைப்பவரைப்போல் ஆரோக்கியசாமி நின்றார். மன்னிப்பைக் கொண்டுவந்தார், பெறுவதற்கு அங்கே எவரும் இல்லை. இத்தனை ஆண்டுகளாய்த் தம்மோடு மல்லிட்ட பகைவன் தம் நெஞ்சுக்குள் அன்றி வேறெங்கும் வாழவில்லை என்பது அவருக்கு மெல்லப் புலப்பட்டது. அதைத் தாங்கமாட்டாதவராய் அவர் உமைமாவிடம் திரும்பி, தாம் பழையதை எல்லாம் மன்னித்துவிட்டதாகச் சொல்லவே வந்ததாகக் கூறினார். சொல்லும்போதே அச்சொற்கள் அவர் செவிக்கே ஒலியிழந்து கேட்டன.

உமைமா அவரை நெடிது நோக்கினார். பின், குரலை உயர்த்தாமல் பேசினார்.

"அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சு சாச்சா. எனக்கு மறக்கல. அன்னைக்கு எனக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உள்ள உக்காந்திருந்தாங்க. நீங்க வாசல்ல நின்னு, 'பொய்ச் சாட்சி சொல்ற வீட்டுல பொண்ணு எடுக்காதீங்க'ன்னு கத்துனீங்க. அவங்க எழுந்து போய்ட்டாங்க. அந்தச் சம்மந்தம் போனதுக்காக நான் அழல. ஆனா எங்கப்பா அதுக்கப்புறம் அந்தத் தெருவுல தலைநிமிர்ந்து நடக்கவே இல்ல. நீங்க யாரை மன்னிக்க வந்தீங்க?"

வெளியே யாரோ காய்கறி விற்றுச் சென்றார். அக்குரல் தெருக்கோடியில் சென்று தேய்ந்தது. ஆரோக்கியசாமியின் நினைவில் உருவற்றுக் கிடந்த அந்த இரண்டு சொல் இப்போது முழு உருவத்தோடு எழுந்து நின்றது. அதன் பின்னால், அதனினும் ஆழத்தில் அவர் புதைத்து வைத்திருந்த மற்றொன்றும் எழுந்தது. விபத்து நேர்ந்த நாளின் காலையில், தம்பி வாயிலைக் கடந்தபோது அவன் மூச்சில் வீசிய சாராய நாற்றத்தை அவரும் உணர்ந்திருந்தார். உணர்ந்தும் அவனைத் தடுக்கவில்லை. பாஷா பொய் உரைக்கவில்லை. பாஷாவை அன்றி, அது பொய் அல்ல என்பதை அறிந்த ஒரே மனிதர் தாமே என்பதால்தான், அதைப் பொய்யென்று அத்தனை உரக்கக் கூவ நேர்ந்தது. தம்பியைத் தடுக்காத குற்றத்தின் சுமையை நண்பரின் தோளில் ஏற்றிவிட்டு, அத்தோளையே ஆண்டாண்டாய் வெறுத்து வந்திருக்கிறார். கோவிலில் எழாத குரலுக்குக் காரணம் மன்னிக்க இயலாமை என்றே நம்பியிருந்தார். மன்னிப்பை வேண்ட இயலாமையே அது என்பது இப்போது விளங்கிற்று.

அவர் நாற்காலியில் அமரவில்லை. பாஷாவின் காலருகே தரையில் அமர்ந்தார்.

"உங்கப்பா சொன்னது நெசந்தாம்மா" என்றார். "என் தம்பி குடிச்சிருந்தான். காலையிலயே எனக்குத் தெரியும். பொய் சொன்னது நான்தான். என்னை மன்னிச்சிடுன்னு கேக்குற தகுதிகூட எனக்கு இல்ல. ஆனாலும் கேக்குறேன்."

கண்ணீர் உமைமாவின் கன்னத்தில் வழிந்தது. அதைத் துடைக்கவும் முயலவில்லை. தம்மால் இன்று ஒன்றும் சொல்ல இயலாது என்றும், நெஞ்சறியாமல் வாய் மட்டும் சொல்லும் மன்னிப்பு நோன்பு நாளில் தமக்குத் தகாது என்றும், விரும்பினால் அவர் மீண்டும் வரலாம் என்றும் மட்டுமே கூறினார். பாஷாவோ ஒன்றும் அறியாராய், தரையில் அமர்ந்தவரின் நரைத்த தலையில் கைவைத்து, நேரமாகிறது, எழுந்து வா என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அவ்வாரமே ஆரோக்கியசாமி பங்குத்தந்தையிடம் சென்று, தம் குற்றங்களை அறிக்கையிட்டு ஒப்புரவு அருட்சாதனம் பெற்றார். ஆண்டுதோறும் சினம், பொறாமை என்று பொதுப்பெயர்களால் ஒப்பிக்கப்பட்ட குற்றங்கள் அன்று தத்தம் சொந்தப் பெயர்களோடு வெளிவந்தன. எழுந்தபோது உள்ளம் இலேசாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆனால் நெடுநாள் இருட்டில் கிடந்த அறையொன்றில் கதவு திறந்து காற்று புகுந்ததுபோல் இருந்தது. இறைவன் பொறுத்துவிட்டார் என்பதையே சாக்காகக் கொண்டு மனிதரிடம் செல்லாதிருத்தல் ஆகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் வாணியம்பாடி சென்றார். நண்பருக்கு வெண்ணிற உடை அணிவித்து, கைபற்றி மெல்ல நடத்திப் பள்ளிவாசலின் வாயில்வரை அழைத்துச் சென்று, உள்ளே உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்து, தொழுகை முடியுமளவும் வேப்பமர நிழலில் காத்திருந்து, மீண்டும் வீடு சேர்த்தார். முதன்முதலில் தெருவார் வியந்தனர், பின் பழகினர். வழியில் பாஷா ஆற்றைப் பற்றியே பேசுவார். நீர் வந்துவிட்டதா என ஒவ்வொரு முறையும் வினவுவார்; வந்துவிட்டது என ஒவ்வொரு முறையும் இவர் கூறுவார். உயிர்ப்பு ஞாயிறு வந்தது. ஈகைத் திருநாள் அதற்கு முன்னரே சென்றது. கோடை முதிர்ந்து மாம்பழம் மலிந்தது. உமைமா கதவைத் திறப்பார்; நலம் வினவுவார்; அதற்குமேல் ஒரு சொல்லும் பேசார். ஆரோக்கியசாமியும் கேட்கவில்லை. கேட்காமல் காத்திருப்பதும் ஒரு வழிபாடே என்பதை அந்நாள்களில் அவர் கற்றுக்கொண்டார்.

கார்காலத்தின் தொடக்கத்தில் ஒருநாள், நண்பரை வீட்டில் அமர்த்திவிட்டு விடைபெற வாயிலுக்கு வந்தவரை உமைமா நிறுத்தினார்.

"நீங்க சொன்ன வார்த்தைய நான் மறக்கல சாச்சா. மறக்கவும் மாட்டேன். ஆனா இப்ப அதை நெனச்சா முன்ன மாதிரி வலிக்கல" என்றார். பின், "நான் மன்னிச்சுட்டேன். எப்ப மன்னிச்சேன்னு எனக்கே தெரியல" என்றார்.

ஆரோக்கியசாமி தலைதாழ்த்தி வணங்கினார். பேருந்து நிலையம்வரை நடந்த வழியில், எவர் பார்க்கிறார் என்று நோக்காமல், குழந்தையைப்போல் அழுதுகொண்டே சென்றார்.

அம்மழைக்காலம் முடியுமுன் சர்தார் பாஷா, தூக்கத்திலேயே, எவர்மீதும் எக்குறையும் இல்லாதவராய் இறந்தார். அவரைச் சுமந்து சென்ற பாடையின் ஒரு கொம்பு ஆரோக்கியசாமியின் தோள்மேல் இருந்தது. அடக்கத்தலத்தில் மற்றவர் தம் முறைப்படி இறைஞ்ச, அவர் சற்று விலகி நின்று தம் முறைப்படி இறைஞ்சினார். ஈர மண்ணை அள்ளி மும்முறை இட்டார். ஈரக்காற்று இருசாரார் வேண்டுதலையும் ஒன்றாகவே சுமந்து சென்றது. மன்னிக்கிறேன் என்று உயரத்தில் நின்று கை நீட்டுவோர் பலர். அந்தக் கை வெறுங்கை என்றறிந்து, அதையே விரித்து ஏந்தி நிற்போர் சிலர். அச்சிலரின் வெறுங்கையில்தான் அருள் வந்து விழுகிறது. அது விழும் காலம் நம் கையில் இல்லை. சில வேளை, நாம் நேசித்தவர் நம்மை விட்டு நெடுந்தொலைவு சென்றபின்னரே வருகிறது. பிந்தினாலும், அது வரவே செய்கிறது.