முழங்காலுக்காகப் போன வேலை

தலைமன்னாரில் மடிப்புக் கலையாத சட்டை போடுகிறவர்களை எண்ணினால் முதல் விரல் தனக்குத்தான் மடங்கும் என்று றெனால்ட்டுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கட்டட வரைபடம் கீறுகிறவன். தை மாதத்தோடு கம்பனி மன்னார்க் கிளையை மூடி, வீட்டிலிருந்தே கீறச் சொல்லிவிட்டது. சட்டையைப் பார்க்க ஆளில்லாமல் போனதுதான் அவனுக்கு வருத்தம்.

மனைவி றொஷேல் ஓட்டக்காரி. போன வருடம் மாகாணப் போட்டியில் ஐயாயிரம் மீற்றரில் நாலாவதாக வந்தாள். வயது முப்பத்தாறு, இந்த வருடம் விட்டால் இனி இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். அந்த நேரம் பார்த்து முழங்கால் சண்டித்தனம் பண்ணியது. ஆறு கிழமைக்கு, அதாவது ஒன்றரை மாதத்துக்கு, ஓடக்கூடாது என்றார் இயன்மருத்துவர். சும்மா இருந்தாலும் மூச்சும் பலமும் போய்விடுமாம். நீந்தலாம், சைக்கிள் ஓடலாம், மணலில் பாரம் இழுத்துப் பின்பக்கமாக நடந்தால் இன்னும் நல்லது என்றார்.

பின்பக்கமாக நடப்பதென்றதும் அவளுக்குக் கரைவலைதான் ஞாபகம் வந்தது. மீராசாஹிபு சம்மாட்டியின் வலையை இருபது பேர் இரண்டு கயிற்றில் பிடித்து, கடலைப் பார்த்தபடி பின்வாங்கிப் பின்வாங்கி இழுப்பார்கள். மறுநாள் காலையே போய், வெறுங்காலோடு கயிற்றைப் பிடித்துவிட்டாள். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள். உலை வைக்க வழியில்லாதவர்கள் வந்து கயிறு பிடிப்பதும், பிடித்தவருக்கு மீனில் ஒரு பங்கு போவதும் அந்தக் கரையின் வழக்கம். வந்தவரிடம் காரணம் கேட்பது மரியாதையில்லை.

மூன்று கிழமை றெனால்ட் பாரை மீன் குழம்பை வெளுத்துக் கட்டினான். பிறகு பக்கத்து வீட்டிலிருந்து தேங்காய் வந்தது. அதற்கும் பிறகு, ஏழைகளுக்கு உதவும் கோயில் சபையார் ஒரு அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பாராமலே போனார்கள். ஊர் தங்களைப் பட்டினி வீடென்று நினைப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நல்ல சட்டையொன்றைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்தான்.

சம்மாட்டி அவனை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனார்.

“தம்பி, வேலை போனதுக்கு வெக்கப்படாதீங்கோ. ஓடித் திரிஞ்ச பிள்ளை சப்பாத்தையும் வித்துப்போட்டு வெறுங்காலோட வந்து நிக்குது. எங்களுக்கே மனசு கேக்கேல்லை.”

றெனால்ட்டுக்குக் காது வரை சூடேறியது. சட்டைக் கையைப் பிடித்துக் காட்டிச் சொல்லவேண்டும் போலிருந்தது. வேலை போகவில்லை, சம்பளம் கூடித்தான் இருக்கிறது, சப்பாத்து அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு வந்தவள் என்று தெரிந்தால் அந்தக் கயிற்றில் அவளுக்கு இடமிருக்காது. பசித்தவர்களுக்கென்று விட்ட இடம் அது.

திரும்பிப் பார்த்தான். கயிற்றின் கடைசி ஆளாக றொஷேல். ஒரு மாதத்துக்கு முன் படியிறங்கச் சுவரைப் பிடித்தவள், இப்போது முழங்காலை மடித்து நிமிர்த்திப் பின்னுக்கு வந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு கிழமை கிடக்கிறது. பாவம், எவ்வளவு ஆசை அவளுக்கு.

“ஓம் சம்மாட்டி,” என்றான். “வேலை போச்சு. கொஞ்சம் கஷ்டம்தான்.”

சம்மாட்டி அவன் தோளைத் தட்டி, அப்படியானால் வீட்டுக்குள் குந்தியிருக்காமல் அவனையும் கயிறு பிடிக்கச் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. றெனால்ட் சட்டையைக் கழற்றி மடித்து, தோணி விளிம்பில் வைத்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

அவனைக் கண்டதும் றொஷேலின் முகம் வாடியது.

“இண்டைக்குக் காலமைதான் கேள்விப்பட்டனான்,” என்றாள் மெல்ல. “ஊர் உங்களைப் பற்றி என்ன கதைக்குதெண்டு. நான் இண்டையோட நிப்பாட்டப் போறன். என்ரை ஓட்டத்துக்காக உங்கடை பேர் கெடக்கூடாது.”

“அது கெட்டுப் போச்சு. இப்பத்தான் சம்மாட்டியிட்டை ஓமெண்டு சொல்லிப்போட்டு வாறன். இழு.”

அவள் ஒரு முழம் அவன் பக்கமாகத் தள்ளிக் கயிற்றைப் பிடித்து, குதிகாலை மணலில் ஊன்றினாள்.