மதலேனாவின் நெஞ்சில் ஒரு குறட்டை

“தூங்குறவரை எதுக்கு எழுப்பணும்?”

“யாரும்மா எழுப்பச் சொன்னா? மாத்திரை போட்டா தூக்கத்துலேயே போயிடும்லா.”

“அதத்தான் நானும் சொல்றேன். போயிடுவாரு.”

சிங்கப்பூர் புக்கிட் மேராவில், ஏழாவது மாடித் தாழ்வாரத்தில், பச்சைக் குழந்தையோடு நின்றிருந்த ரெஜினா வாசலைத் தாண்டவில்லை. உள்ளே நாற்காலியில் அவள் தாய் மதலேனா. மதலேனாவின் இடது நெஞ்சிலிருந்து, முப்பது வருடங்களுக்கு முன் இறந்துபோன அவள் கணவன் சிலுவைராஜின் குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

அது புதிதல்ல. சிராங்கூன் சாலையில் மஞ்சளும் அரைக்கும் மாவு மில்லில் வேலை பார்த்த சிலுவைராஜ் காசநோயில் இறந்தபோது ரெஜினா வயிற்றில் இருந்தாள். அடக்கம் முடிந்து வந்த அன்றே குறட்டை தொடங்கிவிட்டது. நீளமாக ஓர் இழுப்பு, நடுவில் ஒரு நிறுத்தம், பிறகு பூட்டைத் திறப்பதுபோல் ஒரு சத்தம். அவன் உயிரோடிருந்தபோது அந்தச் சத்தத்துக்காக மதலேனா தலையணையால் அடித்திருக்கிறாள். இப்போது எங்கே அடிப்பது? ரெஜினா அதையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தாள். 1974ல் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது குறட்டையும் கூடவே வந்தது. மழை நாட்களில் அது தாழ்வாரம் முழுக்கப் பரவும். அண்டை வீட்டுச் சீனர்கள்கூட மாவு மில்லைக் கனவு கண்டு, விரல்களில் மஞ்சள் தூளோடு விழித்தார்கள். கழுவிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் நெஞ்சை எடுத்த எக்ஸ்ரே படத்தில் சுண்ணாம்புப் பொட்டுபோல ஒரு புள்ளி தெரிந்தது. மதலேனா அந்தப் படத்தைத் திரு இருதய ஆண்டவருக்குப் பக்கத்தில் மாட்டினாள். கல்லறைத் திருநாளன்று எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவத்தி கொண்டுபோக, அவள் அந்தப் புள்ளிக்குக் கீழே ஏற்றினாள். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார், யாரோ தூங்குகிறார்கள் என்று குரலைத் தாழ்த்திச் செபம் சொன்னார்.

ரெஜினாவோடு படித்த நூர்தீன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்ப்பவன். 1984ல் வந்து, ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு விளக்கினான். சிலுவைராஜிடமிருந்து வந்த கிருமிகளை மதலேனாவின் உடம்பு சுவர் கட்டி அடைத்துவிட்டது. உள்ளே காற்று குறையக் குறைய, கிருமியின் மரபணுக்களில் சில அடங்கி, வேறு சில கண் திறந்து, பெருகாதே, காத்திரு என்கின்றன. அந்தக் கட்டளையைத் தருவது எது என்று இன்னும் யாருக்கும் தெரியாது. அவை தூங்கிக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் தொற்றாது.

“ஆனா வயசாகி உடம்பு தளர்ந்தா முழிச்சுக்கும் ஆன்ட்டி. பச்சப்புள்ள வர்ற வீடு. ஒரு வருஷம் தெனம் மாத்திரை போட்டா தூக்கத்துலேயே செத்துடும்.”

முழித்தால் பேசுவாரா என்று மதலேனா கேட்டாள். இருமுவார் என்றான் நூர்தீன்.

அதற்குப் பிறகுதான் ரெஜினா, மாத்திரை தொடங்கும்வரை பேரன் இந்த வாசலைத் தாண்டமாட்டான் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது மதலேனாவின் உள்ளங்கையில் முதல் மாத்திரை இருந்தது. மேசையில் தண்ணீர். தாழ்வாரத்தில் பிள்ளை வீறிட்டது. உள்ளே குறட்டை பாதியில் நின்றது. பிறகு நெஞ்சுக்குள் பூட்டு திறந்தது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, வாய் நிறையக் கொட்டாவி விட்டது. ரெஜினா தன் கொட்டாவியை முந்தானையால் மறைத்துக்கொண்டாள்.

“போட்டுக்கறேன் ரெஜி,” என்றாள் மதலேனா. “ஒரு வருஷம், தெனம் போட்டுக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவன் காதை இங்க வைக்கிறியா?”