ஸ்டியரிங் மேல் இரண்டு கை

சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று காரைத் துடைத்த என் கையை அன்றே உடைத்துப் போட்டிருக்கலாம்.

அமெரிக்காவில் எங்கள் மிசிசிப்பிப் பக்கம் கறுப்பு ஜனங்களின் கார்களில் லைசென்சும் இன்சூரன்சும் டிரைவர் தலைக்கு மேலே, வெயில் மறைக்கும் பலகையில் கிளிப் போட்டு இருக்கும். போலீஸ் கேட்டால் கை கீழே போகக்கூடாது. என் கணவர் லமோன்ட்டின் தம்பி கெண்ட்ரெல், டேஷ்போர்டு பெட்டியில் காகிதம் எடுக்கக் குனிந்தபோதுதான், துப்பாக்கி எடுக்கிறான் என்று போலீஸ்காரர்கள் சுட்டார்கள். அவனிடம் ஆயுதம் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சர்ச்சில் கொடுத்த மீன் வறுவல் பொட்டலம் என் மடியில் இருந்தது.

"காரே மினுமினுன்னு இருக்குடி. அடுத்து என்னையும் தேய்ச்சுக் கழுவிடுவியா?" என்று லமோன்ட் கேலி செய்துகொண்டிருந்தார். பின்னால் போலீஸ் காரின் நீல விளக்கு சுழன்றது.

ஓரம் கட்டினார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் ஏறின. ஆறடிக்கு மேல் உயரமான மனிதர் சீட்டுக்குள் சுருங்கிப் போனார்.

"பின் விளக்கு எரியல. பேப்பரை எடு." வெள்ளைக்காரப் போலீஸ், சின்ன வயசு. கை இடுப்புத் துப்பாக்கி மேல் இருந்தது.

"மேல இருக்கு சார். வலது கையால எடுக்கட்டுமா?"

"மெதுவா."

பலகையை இறக்கினார். காலி. துடைக்கும்போது நான்தான் அந்தக் காகிதங்களை எடுத்து, என் முழங்காலுக்கு எதிரே இருந்த பெட்டிக்குள் போட்டேன். கூடவே அவர் கடையில் முடிவெட்டும் மெஷினையும். கறுப்பு மெஷின், சட்டென்று பார்த்தால் துப்பாக்கி மாதிரி.

லமோன்ட்டின் கண் பெட்டிப் பக்கம் போனது.

"அசையாதே!" துப்பாக்கி வெளியே வந்துவிட்டது.

"சார், தப்பு என்னோடது! நான்தான் பெட்டிக்குள்ள வச்சேன். உள்ள முடிவெட்டுற மெஷின் இருக்கு, கறுப்பா இருக்கும். நாங்க தொடமாட்டோம், நீங்களே திறங்க. அவரைச் சுட்டுடாதீங்க சார்!" இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன். மானம் ரோஷமெல்லாம் எங்கே போனதோ.

துப்பாக்கியை லமோன்ட் பக்கம் நீட்டியபடியே அவன் என் கதவுக்குச் சுற்றி வந்தான். பெட்டியைத் திறந்தான். மெஷின் பொத்தென்று என் காலடியில் விழுந்தது. அவன் மெஷினைப் பார்த்தான், காகிதத்தைப் பார்த்தான்.

பிறகு சிரித்தான். "எதுக்கு இவ்வளவு பயம்? நான் என்ன பேயா பிசாசா? விளக்கை மாத்துங்க."

"நன்றி சார்," என்றார் லமோன்ட். அந்த நன்றியைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கார் போன பிறகும் லமோன்ட்டின் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை.

"நான் ஓட்டுறேன். பெல்ட்டைக் கழட்டுங்க."

கழற்ற வேண்டுமென்றால் கை இடுப்புக்குப் போக வேண்டுமே.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

"நல்லாப் பாரு, வெர்னீஸ்."

திரும்பிப் பார்த்தேன். சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் நானே குனிந்து அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டேன்.