நாலு மடிப்பு

அவள் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கடியில் தோள்வரை கையை விட்டு, பூனையின் பின்னங்காலைப் பிடித்திருந்தாள். பூனை கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்திருந்தது. இரண்டு பேரில் யாரும் விடுவதாக இல்லை.

"இன்னுமா பிடிக்கிற? ரெண்டு மணிக்குப் பிராணிகள் காப்பகத்துலேருந்து ஆள் வருது. மூணு மணிக்கு வண்டி. நாலு மணிக்கு..." அறை வாசலில் நின்ற அண்ணன் மரியாதையான ஒரு சொல்லைத் தேடினார். "நாலு மணிக்கு நிகழ்ச்சி."

அண்ணன் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பதினோரு வருடமாகப் போட்டியின்றித் தேர்வானவர். போட்டியிடும் அளவுக்கு யாருக்கும் தலையெழுத்து மோசமில்லை. அப்பாவின் சாவையும் சங்கக் கூட்டம் போலத்தான் நடத்திக்கொண்டிருந்தார்: வரவேற்பு, உரை, நன்றி நவிலல். உரை கையில் இருந்தது, இரண்டு பக்கம். "தூய்மையே உருவான என் தந்தையார்" என்று தொடங்கியது. காலையிலிருந்து நடந்துகொண்டே படித்துப் பார்த்ததில், கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

தூய்மை விஷயம் பொய்யில்லை. அப்பா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்தவர். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் முன்னால் 'சார்' என்றும் பின்னால் 'பினாயில்' என்றும் சொன்னார்கள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அவர் வருவது முதலில் மூக்குக்குத்தான் தெரியும். அவர் படியேறும் முன்பே அந்த வாசனை ஏறி வந்துவிடும். அவள் வீட்டுப்பாடத்தைப் போட்டது போட்டபடி ஓடுவாள். இன்றைக்கும் கழுவிவிட்ட ஏதாவது ஒரு அலுவலகப் படிக்கட்டில் அந்த வாசனை அடித்தால், நாற்பத்தாறு வயதில், கால் ஒரு கணம் ஓடப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்கும் அவளுக்கும் ஆளுக்கொரு ஈரத் துணியைக் கொடுத்து, சுவரோரம் தொடங்கி வாசல்வரை பின்னாலேயே நகர்ந்து துடைக்கப் பழக்கினார். "துடைச்ச எடத்துல உன் காலடி தெரிஞ்சா, நீ துடைக்கவே இல்லன்னு அர்த்தம்." அண்ணன் அப்போதே துடைக்காமல் மேற்பார்வைதான் பார்த்தார்.

நாய்க்குட்டி படம் போட்ட காலண்டரைக்கூட வீட்டில் மாட்ட விடாதவர் அப்பா. அவர் எழுபத்தாறு வயதில், இரண்டரை மாதத்துக்கு முன்னால், தனியாக பஸ் ஏறிப் போய், காப்பகத்திலிருந்து சாம்பல் நிறப் பூனை ஒன்றைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்தபோது வீடே வாயைப் பிளந்தது. "துணைக்கு" என்றார். அதற்கு மேல் விளக்கமில்லை. பூனைக்குப் பெயரும் வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்கிறவர்களைக் கூப்பிட்டதுபோல 'புது ஆள்' என்றே கூப்பிட்டார்.

ஒரே வாரத்தில் புது ஆள் தன் வேலையைக் காட்டியது. முதலில் அப்பாவின் படுக்கை நனைந்திருந்தது. பிறகு கூடத்து நாற்காலி. ஒரு நாள் குளியலறைக்குப் போகும் வழி. ஒவ்வொரு முறையும் அப்பா தெருவுக்கே கேட்கும்படி திட்டினார்: "அறிவு கெட்ட ஜென்மமே! எத்தன தடவ சொல்றது?" திட்டி முடித்ததும் அதைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு நாள், அப்பாவைப் பார்க்க வந்திருந்த அவள் கதவைத் திறந்துவிட்டாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, மீனை முள் எடுத்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, தப்பு பண்ணினதுக்குப் பரிசா?"

"போய் வேலையப் பாரு" என்றார், திரும்பாமல்.

அண்ணன் கைப்பேசியில் படித்துப் படித்து ஆணை பிறப்பித்தார். பூனையின் மண் தட்டு மூன்று முறை இடம் மாறியது. நாற்காலிக்கு எலுமிச்சைத் தோல் தேய்க்கப்பட்டது. கால்நடை மருத்துவர் பூனைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். குறை மருத்துவரிடம்தான் என்று அண்ணன் முடிவு செய்தார்.

நேற்று விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா, மாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று காலை, உரைக்கு நடுவே, பூனையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று அண்ணன் ஒருமனதாகத் தீர்மானித்தார்.

பூனையின் கால் நழுவியது. மறுபடி துழாவிய கையில் துணி ஒன்று சிக்கியது. இழுத்தாள். படுக்கை விரிப்பு. தொட்டால் உள்ளே இன்னும் ஈரம். நாலாக மடித்து, நாலு முனையையும் உள்ளே செருகி, சின்னத் தலையணை போல இறுக்கமாக இருந்தது.

அந்த மடிப்பைப் பார்த்ததும் அவள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

ஒன்பது வயதில், பள்ளி விடுமுறை ஒன்றில், அப்பா அவளை வார்டுக்குக் கூட்டிப் போயிருந்தார். நனைந்த விரிப்பு ஒன்றைக் கட்டிலிலிருந்து உருவி, பேசிக்கொண்டே மடித்துக் காட்டினார். "நனைஞ்ச பக்கம் உள்ள போகணும். நாலு மடிப்பு. தூக்கிட்டுப் போறவனுக்குக்கூட இது எந்தக் கட்டிலுதுன்னு தெரியக் கூடாது. படுத்துக் கெடந்தாலும் மனுஷனுக்கு மானம்னு ஒண்ணு இருக்கில்ல?" அந்த விடுமுறை முழுக்க அவள் கைக்குட்டைகளை அப்படியே மடித்துக்கொண்டிருந்தாள்.

பூனை நனைத்த துணியை யாரும் இப்படி மடிக்க மாட்டார்கள். பூனைக்கு என்ன மானம்? முகர்ந்து பார்த்தாள். பூனையில்லை. படுக்கை, நாற்காலி, குளியலறை வழி எதுவுமே பூனையில்லை. அப்பாவுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது, திட்டு வாங்க. சம்பளம், முள் எடுத்த மீன்.

அண்ணி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். துணியைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

"கொடு. மெஷின்ல போட்டுடறேன்."

"அண்ணி, இது..."

"தினமும் காலைல மெஷின் மேல இப்படித்தான் வச்சிருப்பாரு. நான் பிரிச்சதே இல்ல. அப்படியே உள்ள போட்டுடுவேன். சுத்துற சுத்துல அதுவே பிரிஞ்சுக்கும்." கதவுவரை போய் நின்றாள். "மண்ணுத் தட்டையும் நான்தான் மாத்தறேன். அதுவும் தினமும் நனைஞ்சுதான் இருக்கும்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"உங்க அண்ணன் என்னைக்குத் தட்டப் பாத்தாரு?"

காப்பகத்துப் பெண் சொன்ன நேரத்துக்கு வந்தாள். ஒரு கையில் கூண்டு, மறு கையில் படிவம். கூடத்தில் அப்பாவைச் சுற்றி ஆட்கள். சுவரோரம் வரிசையாக, அவரிடம் வேலை பார்த்த பழைய துப்புரவுப் பணியாளர்கள் ஏழெட்டுப் பேர், அவர் சோதனைக்கு வரும்போது நின்றதுபோலவே நின்றிருந்தார்கள். ஒரு கிழவர் குனிந்து தரையில் கிடந்த ஒரு பூ இதழைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"திருப்பிக் கொடுக்கக் காரணம் என்ன எழுத?" என்று காப்பகத்துப் பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"வீட்டுக்குள்ள கண்ட எடத்துல மூத்திரம் போகுது" என்றார் அண்ணன், தாழாத குரலில்.

"சார், அத எழுதினா அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க. கடைசிவரைக்கும் கூண்டுதான். வேற ஏதாவது..."

"உண்மைய உண்மையா எழுதும்மா. உண்மைக்காகவே வாழ்ந்தவரு எங்கப்பா." அண்ணன் சுவரோரம் பார்த்தார். சுவரோரம் தலையாட்டியது.

அவள் வாயைத் திறந்தாள். பூனை இல்லண்ணா, அப்பா. மூன்று சொல் போதும், பூனை பிழைத்துவிடும். அப்பாவுக்கு யாரோ படிய வாரிவிட்டிருந்தார்கள். வெள்ளைப் போர்வையில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? உன் வீட்டுக்காரருக்குப் பூனைன்னாலே தும்மல்."

"தும்மட்டும்."

"நாறடிச்சிடும். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"நிக்கல."

அண்ணி படிவத்தை வாங்கி இரண்டாகக் கிழித்துக் காப்பகத்துப் பெண்ணிடமே கொடுத்தாள். உள்ளே துணி துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் தொண்டையைச் செருமி உரையை எடுத்தார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. வண்டியை அவள் கணவர் ஓட்டினார். கூடை அவள் மடியில். முதல் திருப்பத்துக்குள் மூன்று முறை தும்மி, கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"வீட்டுக்குள்ளயே மூத்திரம் போகுமாமே?"

"போகும்."

"எங்கெல்லாம்?"

"படுக்கைல. நாற்காலில." வெளியே பார்த்தாள். "சில நாள் எந்திரிச்சு அந்த எடத்துக்குப் போறதுக்குள்ளயே."

"ஐயோ பாவம். அதுக்கு மருந்து ஒண்ணும் இல்லியா?"

"இருந்திருக்கும். யாரும் கேக்கல."

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அவர் பின்சீட்டில் கையை விட்டு ஒரு பழைய துண்டைத் துழாவி எடுத்தார். கூடையை ஒரு கையால் லேசாகத் தூக்கி, அவள் மடியில் துண்டை விரித்து, திரும்ப வைத்தார். அவள் தடுக்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவர் துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னைக்குப் பரவால்ல" என்றார்.

"ம்" என்றாள்.